மஞ்சள் துணி கட்டிய ஆமை

எங்கள் ஊரில் கடல் கிடையாது. தியாகதுருகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். மேற்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் கல்வராயன் மலை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் செத்துப்போன கடலாமைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. முதலில் சிரித்தேன். அப்புறம் சண்டை போட்டேன்.

அவர் வேன் ஓட்டினார். பழைய வேன், சொந்த வண்டி. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் சாம்பலைக் கடலூருக்குக் கொண்டுபோய்க் கரைப்பது வழக்கம். ஆற்றிலும் கரைக்கலாம். ஆனால் ஆறுதான் வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிறதே, அதில் எதைக் கரைப்பது? அதனால் வேன் பிடிப்பார்கள். மாசி மகத்துக்கும் பிடிப்பார்கள். மலையிலிருந்து இறங்கிவரும் குடும்பங்கள்கூட அவர் வண்டியைத்தான் கேட்டு வரும். அவர்கள் தலைமுழுகி முடிக்கும்வரை இவருக்கு வேலை ஒன்றும் இல்லை. மணலில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மேடம் பழக்கமானார். கடலூரில் ஒரு காலேஜில் பாடம் எடுப்பவர். கரையில் செத்து ஒதுங்கும் ஆமைகளைப் பற்றிய தகவலைப் பொதுமக்களை வைத்தே சேர்த்துக்கொண்டிருந்தார். மீன்பிடிப்பவர்கள், கரையில் டீ விற்கிறவர், காலையில் நடக்க வரும் வாத்தியார்கள் என்று ஒரு வாட்ஸாப் குழு. ஆமையைப் பார்த்தால் போட்டோ எடுக்க வேண்டும், எந்த இடம் என்று சொல்ல வேண்டும், ஓட்டின் நீளத்தை அளக்க வேண்டும், மறுநாள் வேறொருவர் அதையே திரும்ப எண்ணாமலிருக்க ஓட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. காசு கிடையாது. அந்தக் குழுவில் கடல் இல்லாத ஊர்க்காரர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார்களாம்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஒருநாள் இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்தேன், நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"யோவ், இன்னாத்து மேல வச்ச இந்த டேப்ப?"

"ஆமை மேல."

"எது மேல?"

"செத்த ஆமை மே. ஓடு எவ்ளோ நீளம்னு பாக்கணும்ல. ஸ்கேலு வளையாது. உன் டேப்பு நல்லா வளஞ்சி குடுக்குது."

"நாளைக்கு வர்ற பொம்பளைக்கு இத மார்ல வச்சி அளவெடுக்கவா நானு? உருப்படியா ஒரு வேலை இல்ல உனுக்கு?"

அதை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்தேன். சிரித்துக்கொண்டே பொறுக்கி எடுத்துப் போனார். சாயங்காலம் எனக்குப் புது டேப் வாங்கி வந்தார். பழையது வண்டியின் டேஷ்போர்டுக்குப் போய்விட்டது.

"செத்தத எண்ணிக்கினு இருந்தா பொழச்சி வந்துடுமா?" என்று கேட்டிருக்கிறேன். "வராது. எங்க ஜாஸ்தி சாவுது, எந்த மாசம் சாவுதுன்னு தெரிஞ்சாதானே போய் நியாயம் கேக்க முடியும்" என்பார். அது மேடம் சொல்லிக்கொடுத்த பேச்சு. இன்னொன்றும் சொல்வார். நான் கொக்கி தைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு சொல்வார். "உயிரோட ஒதுங்கனா தண்ணில தள்ளக் கூடாதாம் மே. அதுவும் நம்மள மாதிரி மூச்சு வுடுதாம். வலையில மாட்டி, தண்ணி குடிச்சி, மயங்கிக் கெடக்கும். தெம்பு இல்லாதப்ப தள்ளிவுட்டா முழுவி செத்துடும். நெழல்ல வச்சி, ஓட்டு மேல ஈரத்துணி போட்டு, மேடத்துக்குப் போன் பண்ணணும்." நான் "உம், உம்" என்பேன். இந்தப் பேச்சு ஒருநாள் எனக்குத் தேவைப்படும் என்று கனவா கண்டேன்?

தை மாதத்தில் ஒரு காலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். வந்தவர்கள் பார்த்தால் ஸ்டியரிங் மேல் தலை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள். மாரடைப்பு என்றார்கள். அன்று காலையில் நான் அவருக்கு இரண்டு தோசை போட்டு, மூன்றாவது கேட்டதற்கு மாவு இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மாவு உண்மையிலேயே இல்லை. இருந்தாலும் அந்த மூன்றாவது தோசை இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவரும் அவருடைய அம்மாவும்தான். அத்தைக்கு நடவு, களையெடுப்பு என்று இன்றைக்கும் வயல் வேலைதான். வாய் ஓயாத மனுஷி. மகன் போன அன்று அந்த வாய் மூடிக்கொண்டது. சோற்றுத் தட்டை வைத்தால் தள்ளிவிடுவார். கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு. அடுத்து இவருக்கும் பந்தல் போட வேண்டியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள்.

சாம்பல் கரைக்க அவருடைய வேனிலேயே போனோம். கொழுந்தன் ஓட்டினான். பொம்பளைகள் போவது எங்களில் அவ்வளவாக வழக்கமில்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மகன் போன பிறகு அத்தை வாய் திறந்தது அப்போதுதான். "அவன் வண்டில அவன் பொண்டாட்டி வராத வேற யாரு வருவா?"

கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டுக் கரைக்கு முகத்தைத் திருப்பினால் அவ்வளவுதான், அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவாராம். வரட்டுமே, வந்தால் என்ன, அதைத்தானே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டியை முதலில் அனுப்ப வேண்டும் என்று என்னைக் கிளப்பிவிட்டார்கள். நாத்தனார் என் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேனைப் பார்க்க நடத்தினாள். அத்தையும் கொழுந்தனும் மற்றவர்களும் இன்னும் தண்ணீரில்தான் நின்றார்கள்.

பாதி தூரம் வந்திருப்போம். பின்னால் ஒரே கூச்சல். "ஆமைடா! உயிரோட கீது! கால ஆட்டுது பாரு!"

"தண்ணில வுடாதீங்க!" என்று கத்தினேன். "தள்ளாதீங்க, அங்கயே வைங்க!"

காற்று கடல் பக்கமிருந்து என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்ப முயன்றேன். நாத்தனார் என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அண்ணி, திரும்பாதீங்க, அண்ணன் நிம்மதியா போவட்டும், திரும்பாதீங்க அண்ணி" என்று அழுதாள். அவள் பிடியில் அப்படி ஒரு பலம். என்னை வேனில் ஏற்றிக் கதவையும் சாத்திவிட்டாள். உயிரோடிருந்த அந்த ஆமையை நான் கண்ணால் பார்க்கவே இல்லை.

என்ன நடந்தது என்று அத்தைதான் சொன்னார். வேனில் ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரப் புடவையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் பக்கத்தில் சேறு அடிக்கும்போதோ கிணறு தூர் வாரும்போதோ ஆமை அகப்பட்டால் அதை அடிக்க மாட்டார்கள். ஓட்டில் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, கும்பிட்டு ஏரியில் விட்டுவிடுவார்கள். அத்தை சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம் அது. அதைத்தான் அங்கேயும் செய்திருக்கிறார். காரியத்துக்குக் கொண்டுபோன மஞ்சளைக் குழைத்து அதன் முதுகு முழுக்கத் தடவி, சாம்பல் கலயத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியைக் கிழித்து அதன் முன்கையில் முடிச்சுப் போட்டிருக்கிறார். நாலு பேர் தூக்கி, இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

"ஒருவாட்டி தலையத் தூக்கி என்னப் பாத்துது மே. அப்புறம் உள்ள போயிட்டுது. எம்புள்ள எத்தினி ஆமைக்கு ஓடியிருப்பான். அவன இட்டுக்கினு போவத்தான் அது வந்துகீது."

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டோம். அத்தை அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் ரசம் ஊத்து மே" என்றார். சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டு முழுக்கத் தின்றார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரின் போனில் குழுவின் செய்தி வந்தது. அதை அணைத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு அனுதாபம் சொன்ன செய்திகளுக்குக் கீழே ஒரு போட்டோ. செத்த ஆமை. ஓட்டின் இடுக்குகளில் மஞ்சள் அப்பிக்கிடந்தது. முன்கையில் மஞ்சள் துணி. யாராவது இதை உயிரோடு பார்த்தீர்களா, இந்தத் துணியை யார் கட்டியது என்று மேடம் கேட்டிருந்தார்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அந்தப் பக்கம் அத்தை பழைய சோற்றுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தெருமுனைக்குப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மேடம், "நல்லதுன்னு நெனச்சித்தாம்மா செஞ்சிருக்காங்க. உங்க பக்கத்து ஜனங்க நெறய பேர் இங்க வர்றாங்க. அவர் இருந்தா அவங்ககிட்ட எடுத்துச் சொல்லியிருப்பாரு. நீங்க சொல்றீங்களா?" என்றார்.

"எம்புருசன் செத்து இன்னும் பதினாறே முடியல. ஆமைக்குப் பிரச்சாரம் பண்ண வரச் சொல்றீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மேடமும்தான் பாவம், என்ன செய்வார்? எங்கள் ஊரில் ஒருத்தரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அத்தை காதுக்கு வந்துவிடும். வந்தால் அவர் தட்டைத் தள்ளிவிடுவார். எனக்கு அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மனுஷனைச் சாகக் கொடுத்துவிட்டு நிற்கிறேன் என்றால் இன்னொருத்தியையும் கொடுக்க என்னால் முடியாது. இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அத்தை தினமும் கேட்பார். படுக்கப் போகும் முன்பு, இல்லாவிட்டால் வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது. "அது இப்போ எங்க போய்க்கினு இருக்கும் மே?" குழுவில் கடலாமைகளைப் பற்றி எழுதுவதையெல்லாம் நான் படித்து வைத்துக்கொள்வேன். "சிலோன் பக்கம் போயிருக்கும் அத்தே." "அவ்ளோ தூரமா?" "ஆமா, அதுக்கு இன்னா, பஸ்ஸா ரயிலா?" "தீனி கெடைக்குமா?" "நண்டு, எறால்னு கெடக்குதே." அத்தை சிரிப்பார். புருஷனை இழந்தவள் நான், ஆனால் அவர் எப்படி இருக்கிறார் என்று தினமும் நான்தான் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. சில நாள் எரிச்சலாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

அத்தை வாய் சும்மா இருக்குமா? நடவுக்குப் போன இடத்திலெல்லாம் சொன்னார். களமருதூர்ப் பக்கம் நடவுக்குப் போனபோதும் சொன்னார். சாவு வீட்டுக்குப் போனால் அழுகிறவர்களைக் கட்டிப்பிடித்து அதையே சொன்னார். கேட்டவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது. ஆமை வந்தால் சும்மா விட்டுடாதீங்க, மஞ்சள் துணி கட்டித் தண்ணியில விடுங்க, போன உசுரு நல்லபடியா போய்ச் சேரும் என்று எங்கள் பக்கத்தில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கொழுந்தன் ஓட்டும் வேனில் ஏறுகிறவர்கள், மணலில் இறங்கியதும் ஆமை இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்களாம். அவன் பெருமையாகச் சொல்வான்.

மார்கழி பிறந்தது. கரையில் ஆமைகள் ஒதுங்கும் காலம். குழுவில் ஒரு போட்டோ வந்தது. செத்த ஆமை, முன்கையில் மஞ்சள் துணி. கொஞ்ச நாளில் இன்னொன்று. மேடம் என் பெயரைச் சொல்லவில்லை. இது எங்கிருந்து வரும் பழக்கம் என்று மட்டும் எல்லாரையும் பொதுவாகக் கேட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார், தனக்குள் ஏதோ பாடிக்கொண்டு. என்னத்தைச் சொல்ல?

தையில் வருஷத் திதி வந்தது. கடலூருக்குப் போய்த் திதி கொடுப்பதென்று முடிவானது. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள மலையிலிருந்து ஒரு குடும்பமும் எங்கள் வேனில் வந்தது. சாமை விதைக்கிறவர்கள். தகப்பன் செத்து, சாம்பலோடு வந்திருந்தார்கள். மூத்த மகன் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடல் எவ்வளவு ஆழம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆமைக் கதையைச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் திதி கொடுத்து முடித்துக் கரையில் நின்றோம். மலைக் குடும்பம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது அந்த மூத்த மகன் கத்தினான். "பெரியம்மா! ஆமை! நீங்க சொன்ன ஆமை!"

அலை ஒதுக்கிய இடத்தில் அது கிடந்தது. இந்த முறை நான் பார்த்தேன். சாம்பல் பச்சை நிறம். கழுத்தைத் தூக்கப் பார்த்தது, முடியாமல் மணலில் போட்டது. கண் ஓரத்தில் நீர். அத்தை ஓடினார். எங்கே வைத்திருந்தாரோ, இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். மலைக்காரர்கள் நாலு பேர் ஓட்டைப் பிடித்துத் தூக்கக் குனிந்துவிட்டார்கள்.

"உங்கப்பாவுக்கு நல்ல சாவுதான்டா" என்று அத்தை அந்த மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அழுதான்.

நான் போய் ஆமைக்கும் கடலுக்கும் நடுவில் நின்றேன். "கீழ வைங்க."

"இன்னாமா?"

"கீழ வைங்கன்னு சொல்றேன்ல! தண்ணில வுட்டா செத்துடும்!"

"பைத்தியமா உனுக்கு?" என்றார் அத்தை. "ஆமையாவது தண்ணில சாவறதாவது. நவுரு மே."

"சாவும் அத்தே. அதுக்குத் தெம்பு இல்ல. முழுவிடும்."

"அன்னிக்கு நம்ம வுட்டமே, அது இன்னா செத்தா போச்சு? நீதானே சொன்ன, சிலோன் பக்கம்..."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மலைக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆமையை மெதுவாக மணலில் வைத்தார்கள்.

நான் மேடத்துக்குப் போன் போட்டேன். மூத்த மகனிடம் மாற்று வேட்டியை வாங்கிக் கொழுந்தனை விட்டு நிழலுக்குப் பிடிக்கச் சொன்னேன். ஒரு துண்டை நனைத்து ஓட்டில் போடப் போனேன். அத்தை என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். ஆமை பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். "மூக்க மூடக் கூடாது அத்தே" என்றேன். தலையை ஆட்டினார். மேடம் ஒரு குட்டியானை லோடு வண்டியோடு வந்து சேரும்வரை அவர் துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆமையைச் சாக்கு மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மலைக் குடும்பம் தங்கள் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து வேனில் ஏறியது.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது போன் சத்தம் போட்டது. மேடத்தின் செய்தி. நான் படித்தேன். அத்தை பக்கத்தில் இருந்தார்.

"இன்னா போட்டுக்கிறாங்க?"

பிழைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்தானே? வரவில்லை.

"போயிட்டுது அத்தே. ரொம்ப நேரம் பாத்தாங்களாம். முடியலயாம்."

அத்தை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதை விடாமலே கேட்டார். "நம்மளுது?"

"அதுவும்தான்."

"உனுக்கு எப்போ தெரியும்?"

"மறுநாள் காலைலயே."

"நான் சோறு துன்னேனே, அதுக்கு மறுநாளா?"

"ஆமா."

"அதுக்கோசரம்தான் சொல்லலியா?"

நான் தலையை ஆட்டினேன். அத்தை என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "தெனம் தெனம் கேட்டேனே மே உன்ன. எங்க போறான், இன்னா துன்றான்னு. ஒண்டியா நீ இத வவுத்துல கட்டிக்கினு எனுக்குப் பதில் சொல்லிக்கினு இருந்திருக்கியே" என்று வாய்விட்டு அழுதார். என் வீட்டுக்காரர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து நான் உலை வைத்தேன். ரசமும் வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய் அத்தை முன்னால் வைத்தேன். அவர் அதைத் தள்ளி வைத்தார். திட்டவில்லை, கோபப்படவில்லை, மெதுவாகத்தான் தள்ளினார். மறுநாளும் அப்படித்தான். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடச் சொல்லி ஏதாவது பேச வேண்டும். என்னிடம் சொல்வதற்கு இப்போது எந்த ஆமையும் இல்லை.